உதவி: தைம்லீஃப் படிவத்தில் பிழைச் செய்தி வரவில்லை, நிரப்பியதும் அழிந்துவிடுகிறது

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. ஸ்பிரிங் பூட் 3-இல் (ஜாவாவில் வலைச் செயலி எழுதும் கருவித்தொகுப்பு), பக்கங்களை உருவாக்கும் தைம்லீஃபோடு மாணவர் சேர்க்கைப் படிவம் ஒன்று செய்கிறேன். பெயரைக் காலியாக விட்டு சப்மிட் செய்தால் அதே பக்கம் திரும்பி வருகிறது. ஆனால் பெட்டிக்குக் கீழே பிழைச் செய்தி இல்லை; மற்ற பெட்டிகளில் நிரப்பியதும் போய்விடுகிறது. காலியாக விடக் கூடாது என்னும் நாட்பிளாங்க், சரிபார்ப்பை இயக்கும் வேலிட், டெம்ப்ளேட்டில் (பக்க வார்ப்பு) பிழையைக் காட்டும் டிஹெச்:எரர்ஸ் எல்லாம் இருக்கிறது. லாக்கில் எதுவும் இல்லை.

பதில்:
சரிபார்ப்புக்கான நூலகத் தொகுப்பான வேலிடேஷன் ஸ்டார்ட்டரைத் தனியாகச் சேர்த்தீர்களா? ஸ்பிரிங் பூட் 2.3-இலிருந்து அது வெப் ஸ்டார்ட்டரோடு வருவதில்லை. அப்புறம், பிழைகளைத் தாங்கும் பைண்டிங்ரிசல்ட் பாராமீட்டர் படிவ ஆப்ஜெக்டுக்கு அடுத்ததாக ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் மாடல் (பக்கத்துக்குத் தரவு கொண்டுபோவது) புகுந்தால், படிவத்தில் பிழை இருக்கும்போது 400 (தவறான கோரிக்கை) வரும்.

கேட்டவர்:
இரண்டும் சரியாக இருக்கிறது. டீபக்கரில் ஹேஸ்எரர்ஸ் ட்ரூ (பிழை உண்டு) என்றே காட்டுகிறது. பக்கத்தைத் திறக்கும் கெட் மெத்தடில் "ஃபார்ம்" என்ற பெயரில் புது ஸ்டூடன்ட்ஃபார்ம் ஆப்ஜெக்டை மாடலில் வைக்கிறேன். நிரப்பிய படிவத்தைப் பெறும் போஸ்டிலும், பிழை இருந்தால், அதே வரியைப் போட்டுவிட்டுத்தான் டெம்ப்ளேட்டைத் திருப்புகிறேன். அந்த வரியை எடுத்தால் "நெய்தர் பைண்டிங்ரிசல்ட் நார் பிளெயின் டார்கெட் ஆப்ஜெக்ட்" என்று 500 (சர்வர் பிழை) வருகிறது.

பதில்:
அந்த வரியில்தான் சிக்கல். போஸ்டில் நீங்கள் பெயர் எதுவும் சொல்லாததால், ஸ்பிரிங் கிளாஸ் பெயரை வைத்து "ஸ்டூடன்ட்ஃபார்ம்" என்று வைத்துக்கொள்கிறது (முதல் எழுத்து மட்டும் சிறிய எழுத்தாகும்). பிழைகளும் அந்தப் பெயரில்தான் சேர்கின்றன. டெம்ப்ளேட்டோ, படிவத்துக்கான ஆப்ஜெக்டைச் சொல்லும் டிஹெச்:ஆப்ஜெக்டில் "ஃபார்ம்" என்று தேடுகிறது. அங்கே கிடைப்பது நீங்கள் வைத்த வெற்று ஆப்ஜெக்ட். அதற்குப் பிழையும் இல்லை, மதிப்பும் இல்லை. 500 நின்றது, காரணம் மறைந்துவிட்டது.

போஸ்ட் பாராமீட்டருக்கு முன் மாடல்ஆட்ரிபியூட் போட்டு, அடைப்புக்குள் "ஃபார்ம்" என்று பெயர் கொடுங்கள். அந்தப் புது ஆப்ஜெக்ட் வரியையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். பெயர் ஒன்றானாலும், வேறு ஆப்ஜெக்டை மேலே வைத்தால் ஸ்பிரிங் பழைய பைண்டிங்ரிசல்ட்டை நீக்கிவிடும். பிழை இருக்கும்போது ரீடைரக்ட் (வேறு முகவரிக்கு அனுப்புதல்) செய்யாதீர்கள், அதிலும் எல்லாம் போய்விடும்.

கேட்டவர்:
வந்துவிட்டது, மிக்க நன்றி! வயதைக் காலியாக விட்டால் மட்டும் "ஃபெயில்ட் டு கன்வெர்ட்" என்று நீளமாக ஆங்கிலத்தில் வருகிறது.

பதில்:
வயது இன்ட் (எண் வகை)-ஆக இருக்கும். அதில் நல் (மதிப்பின்மை) நிற்காது. நல்லை ஏற்கும் இன்டிஜர் என்று மாற்றி, காலியாக விடக் கூடாது என்னும் நாட்நல் போடுங்கள். யாராவது எழுத்தைத் தட்டினால் அப்போதும் அந்த வாசகம் வரும். அதற்கு மெசேஜஸ் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் டைப்மிஸ்மேட்ச்.ஏஜ் என்ற கீயில் "வயதை எண்ணில் எழுதுங்கள்" என்று போடுங்கள். ஸ்பிரிங் பூட் அந்தக் கோப்பை யூடிஎஃப்-8 (தமிழும் அடங்கும் எழுத்துக் குறியீடு) ஆகவே படிக்கும், தமிழிலேயே நேராக எழுதலாம்.