துன்பம் தவிர்க்க முடியாததா, தவிர்க்காமல் விட்டதா?

கல்மரம்:
துன்பம் வாழ்வின் தவிர்க்க முடியாத பகுதி என்பதற்கு உடலே சாட்சி. தொழுநோயால் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், நரம்புகள் மரத்துப்போனதால் சுட்டதும் வெட்டியதும் தெரியாமல்தான் நோயாளிகள் பெரும்பாலும் கைகால்களை இழக்கிறார்கள் என்று காட்டினார். வலியே இல்லாத உடலால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது.

நொச்சி:
வலி தேவை என்பது வேறு, துன்பத்தைத் தவிர்க்க முடியாது என்பது வேறு. அடுப்பிலிருந்து கையை இழுக்கச் செய்ததும் வலியின் வேலை முடிந்துவிடுகிறது; புற்றுநோய் முற்றியவரை இரவெல்லாம் புரட்டும் வலி எதைக் காக்கிறது? பெரியம்மையை மாரியம்மனின் சினம் என்று ஏற்றுக்கொண்டிருந்த நாட்டில் இன்று அந்த நோயே இல்லை. உலகெங்கும் அது ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. அபினியிலிருந்து எடுக்கப்படும் வலிநீக்கி மருந்தான ‘மார்பின்’ (morphine) கதையைப் பாருங்கள். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, அதை வாங்கி வைக்க ஒரு மருத்துவமனை பல உரிமங்களைப் பெற வேண்டியிருந்தது. 2014இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் வலியோடு இறந்தவர்களின் துன்பத்தை இயற்கையின் கணக்கில் எழுதுவது, கோப்புகளைத் தேக்கி வைத்தவர்களுக்கு மிகவும் வசதியானது.

கல்மரம்:
மார்பின் விஷயத்தில் நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். என் தந்தையின் கடைசி மாதங்களில் அந்த மாத்திரையின் அருமையைக் கண்கூடாகப் பார்த்தவன் நான். ஆனால், உடல்வலி அடங்கிய பிறகுதான் அவர் அழத் தொடங்கினார். ஒரு வரப்புத் தகராறில் தம்பியோடு இருபது ஆண்டுகள் பேசாமல் இருந்ததை, அதுவரை வாயே திறக்காதவர், ஒவ்வொரு இரவும் சொல்லிச் சொல்லி அழுதார். தம்பி மீது பாசமே இல்லாதவராக இருந்திருந்தால் அந்தத் துன்பம் அவருக்கு வந்திருக்காது. எனவே என் கூற்றைச் சுருக்கிக்கொள்கிறேன்: நோயின் துன்பத்தைக் குறைக்கலாம், பாசம் உள்ளவரை அதனால் வரும் துன்பத்திலிருந்து தப்ப முடியாது.

நொச்சி:
அப்போது அவருடைய தம்பி உயிரோடு இருந்தாரா? இருந்தார் என்றால், அந்தத் துன்பத்துக்கும் மருந்து பக்கத்து ஊரில்தானே இருந்திருக்கும்?

கல்மரம்:
இருந்தார். நான்தான் போய் அழைத்து வந்தேன். மூன்று நாட்கள் கட்டிலருகிலேயே உட்கார்ந்திருந்தார். அதன்பின் அப்பா அழவில்லை, சித்தப்பாதான் அழுதார்.