பிரீமியத்துக்குத் தொழில் பார்ப்பார்களாம், விரல் போனால் பார்க்க மாட்டார்களாம்!

பட்டறைக்காரன்:
கோவையில் சின்னப் பட்டறை. ஒரு லேத், ஒரு பவர் பிரஸ். நானும் மெஷினில் நிற்பேன். தனிநபர் விபத்துக் காப்பீடு எடுக்க விசாரித்தேன். வங்கியில் இருக்கும் என் தம்பி முதல் ரிஸ்க் பிரிவாம், நான் இரண்டாவதாம். அதே பத்து லட்சத்துக்கு எனக்குப் பிரீமியம் கூட. சரி, ஆபத்து அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊன அட்டவணையைப் பார்த்தால் கட்டைவிரல் முழுசாகப் போனால் காப்புத்தொகையில் 25 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 10. இங்கே மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு. கட்டைவிரல் இல்லாமலும் தம்பி கம்ப்யூட்டரில் தட்டிச் சம்பளம் வாங்கிவிடுவான். எனக்கு அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரைப் பிடிக்கவே வராது. இது என்ன நியாயம்?

மதுரை முகவர்:
அண்ணா, பிரீமியம் என்பது விபத்து நடக்கும் வாய்ப்புக்கான விலை. ஆசிரியர், வக்கீல், கணக்காளர் முதல் பிரிவு. மெக்கானிக், மெஷின் ஓட்டுபவர், சம்பளத்துக்குக் கார் ஓட்டுபவர் இரண்டாவது. சுரங்கம், வெடிமருந்து, உயர் அழுத்த மின்கம்பி வேலை மூன்றாவது. எல்லோருக்கும் ஒரே விலை வைத்தால் வங்கிக்காரர் எடுக்க மாட்டார். மிச்சம் இருப்பவர்களுக்கு விலை இன்னும் ஏறும்.

அட்டவணையைத் திட்டாதீர்கள். அது இருப்பதால்தான் வாக்குவாதம் இல்லாமல் பணம் வருகிறது. தொழிலை வைத்து நஷ்டத்தைக் கணக்கிட வேண்டுமென்றால் முதலில் வருமானத்துக்குச் சான்று கேட்பார்கள். நம்ம ஊர்ப் பட்டறைகளில் எத்தனை பேர் உண்மையான வருமானத்தை ரிட்டர்னில் காட்டுகிறார்கள்?

கோர்ட் வராண்டா:
வாக்குவாதம் வரும் என்பதற்காக நியாயத்தைக் கைவிட முடியுமா? ஒரு தச்சர் சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்யும்போது கீழே விழுந்து இடது கையை இழந்தார். இது பகுதி ஊனம்தான் என்று முதலாளி வாதாடினார். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே முழு ஊனம் என்று 1975-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற சாலை விபத்து வழக்கிலும் அதே நோக்குதான்: கை போனால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுவதும் போகலாம், அரசு குமாஸ்தாவுக்கு அப்படி இல்லை. நீதிமன்றத்துக்குப் புரிந்தது காப்பீட்டு நிறுவனத்துக்கு மட்டும் புரியாதா?

மதுரை முகவர்:
வக்கீல் சார், அதெல்லாம் சட்டப்படி இன்னொருவர் தர வேண்டிய இழப்பீடு. பாலிசி ஒரு ஒப்பந்தம், எழுதியிருப்பதுதான் கிடைக்கும். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

கோர்ட் வராண்டா:
குழப்பவில்லை. ஒப்பந்தத்தை எழுதுவது யார் என்றுதான் கேட்கிறேன்.

ஹூஸ்டன்வாசி:
இங்கே அமெரிக்காவில் 'ஓன் ஆக்குபேஷன்' (சொந்தத் தொழில்) பாலிசி உண்டு. அறுவை சிகிச்சை மருத்துவருக்குக் கை நடுங்கி, அந்த வேலை மட்டும் முடியாமல் போனால்கூட மாதாமாதம் பணம் வரும். விபத்து என்றில்லை, நோய்க்கும் உண்டு. உங்கள் விபத்துப் பாலிசியில் பக்கவாதம் வந்து கை விழுந்தால் ஒன்றுமில்லை, கவனித்தீர்களா? ஆனால் இங்கேயும் தொழில் பார்த்துத்தான் எல்லாம். டாக்டருக்கு 65 வயதுவரை தருவார்கள். மெஷின் வேலை செய்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு வருடமோ ஐந்து வருடமோதான், பிரீமியமும் கூட. பட்டறைக்காரர் இங்கே வந்தாலும் இதே சண்டையைத்தான் போடுவார்.

சங்கத்துத் தோழர்:
தனியார் பாலிசியையே ஏன் சுற்றுகிறீர்கள்? இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25. வெல்டராக இருந்தாலும் குமாஸ்தாவாக இருந்தாலும் அதுதான். வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய், தொழிலே கேட்பதில்லை. கூட்டாகச் சுமந்தால் பிரிவு எதற்கு?

பட்டறைக்காரன்:
தோழரே, நான் முதலாளி, இ.எஸ்.ஐ. எனக்கு ஏது? பத்துப் பேருக்குக் கீழே என்பதால் என்னிடம் இருக்கும் பையன்களுக்கும் இல்லை. 20 ரூபாய்த் திட்டம் போட்டிருக்கிறேன். அதில் ஒரு கையோ காலோ கண்ணோ போனால் ஒரு லட்சம். விரலுக்கு ஒரு பைசா கிடையாது. பிரஸ் வேலையில் போவது முதலில் விரல்தானுங்களே.

சும்மா_ஒருத்தன்:
'தொழில்' கட்டத்தில் 'வியாபாரம்' என்று எழுதுங்கள் பாஸ். முதல் பிரிவு வந்துவிடும். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான்.

மதுரை முகவர்:
இந்த யோசனை சொல்கிறவர்கள் கிளெய்ம் சமயத்தில் போனை எடுக்க மாட்டார்கள். விபத்து நடந்ததும் ஆஸ்பத்திரியில் என்ன சொல்வீர்கள்? 'பிரஸ்ஸில் மாட்டிக்கிச்சு.' டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை அப்படியே எழுதுவார்கள். துணிக்கடை வியாபாரிக்குப் பிரஸ்ஸில் என்ன வேலை என்று கேட்டால் பதில் உண்டா? வேலை மாறினாலும் எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆபீஸில் இருந்தவர் சைட்டுக்குப் போய்விட்டு, பழைய பிரிவிலேயே பணம் கட்டிக்கொண்டிருப்பார். அதுவும் இதே வில்லங்கம்தான்.

அண்ணா, விரலைவிட உங்களுக்கு முக்கியம் வேலைக்குப் போக முடியாத வாரங்கள். தற்காலிக முழு ஊனம் என்ற கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். பல நிறுவனங்கள் ஒரே மாதிரி விற்கும் சரல் சுரக்ஷா பீமா விபத்துப் பாலிசியில் அது வாரத்துக்குக் காப்புத்தொகையில் 0.2 சதவீதம், பத்து லட்சத்துக்கு 2,000 ரூபாய்.

பட்டறைக்காரன்:
வாரம் இரண்டாயிரம் கரண்ட் பில்லுக்கே பத்தாதுங்க. இருந்தாலும் இருபத்தைந்து லட்சத்துக்கு அந்தப் பிரிவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு அனுப்புங்கள். தொழில் கட்டத்தில் 'பவர் பிரஸ் ஓட்டுபவர்' என்றே எழுதுகிறேன். கட்டைவிரல் விஷயத்தில் மட்டும் நான் வக்கீல் சார் பக்கம்தான்.

மதுரை முகவர்:
வலது கைக்காரரா, இடது கைக்காரரா என்று அட்டவணை கேட்பதில்லை என்பதையும் சேர்த்துத் திட்டுங்கள் அண்ணா. அதில் நானும் உங்கள் கட்சி. கணக்கை நாளைக்கு அனுப்புகிறேன்.