உஸ்தா, ரோத், ர்த்: மூன்றும் ஒரே வேரா? அவசரம்

கடலோரம்23: ஸ்லாவியத்தில் (ரஷ்யம், செக், போலிஷ், குரோவாசியம் முதலிய மொழிகளின் குடும்பம்) வாய்க்கு என்ன சொல்? ஒரு அகராதியில் உஸ்தா, இன்னொன்றில் ரோத். வரைபடத்தில் ர்த் என்றால் நிலமுனையாம். மூன்றையும் ஒரே வேரில் போட்டேன், அட்டவணை திரும்பி வந்துவிட்டது. எங்கே தப்பு? மாலைக்குள் வேண்டும்.

பனையோலை: எந்த மொழி? எந்த நாட்டு வரைபடம், குரோவாசியாவா? அட்டவணையில் ஒருமை, பன்மைக்குத் தனிப் பத்தி இருக்கிறதா?

மீன்கொத்தி: ஒரே வேர்தான். நாம் கழிமுகம் என்பதுபோல ஆற்றுவாய்க்கு ரஷ்யத்தில் உஸ்த்யே, செக்கில் ஊஸ்தீ. பீலினா ஆறு லாபே (எல்பே) ஆற்றில் கலக்குமிடத்து ஊர் ஊஸ்தீ நாத் லாபெம். நிலமுனையும் நீரோரம்தானே!

சுவடி: நீரோரம் என்பதால் வேர் ஒன்றாகாது. இந்த அடிப்படை தெரியாமல் அட்டவணையில் கைவைக்கக் கூடாது. உஸ்தா, இலத்தீன் ஓஸ், சமஸ்கிருத ஓஷ்டம் ஒரு குடும்பம். ரோத் வேறு. அதன் பழம்பொருள் பறவை அலகு, கூர்நுனி. 'தோண்டு' என்னும் வினைக்கு உறவு. பன்றி மண்ணைக் கிளறும் மூஞ்சி ரஷ்யத்தில் ரீலோ. நுனி என்ற பொருளில்தான் குரோவாசியத்தில் ர்த் நிலமுனை. செக்கில் ரெத் உதடு. ரகரத்தை அடுத்து மிகக் குறுகிய உயிர் ஒன்று இருந்தது. ரஷ்யத்தில் அது ஓகாரமாயிற்று. வேற்றுமை ஏற்றால் உதிர்ந்து 'ர்தா' என்றாகும்.

பனையோலை: குரோவாசியாவின் ப்ராச் தீவிலுள்ள ஸ்லாத்னி ராத் கடற்கரையையும் சேருங்கள். அந்த 'ராத்' இதே ர்த்தான், போர் என்னும் ராத் அல்ல. இன்னொன்று: போலிஷ், செக், குரோவாசியத்தில் உஸ்தா எப்போதும் பன்மை, பல்கேரியத்தில் பெண்பால் ஒருமை. ரஷ்யத்தில் அது செய்யுள் வழக்கு, பேச்சில் ரோத்.

மீன்கொத்தி: ஓஷ்டம் உதடல்லவா? வாய் எப்படி ஆகும்? நிரோட்டகத்தில் ஒட்டாததும் உதடுதானே.

தாழை: உதடும் வாயும் இடம் மாறுவது சகஜம். ரஷ்யத்தில் கூபா உதடு, செக்கில் ஹூபா கொச்சையில் வாய். ஸ்லொவேனியத்தில் கோபா காளான்!

சுவடி: காளானை ஏன் இழுக்கிறீர்கள்? ஒலி ஒத்தால் போதாது.

தாழை: பொருளும் ஒக்கிறது. மெத்தென்று உப்பியது. போலிஷில் கெம்பா வாய், கோம்ப்கா கடற்பஞ்சு.

சுவடி: அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

கடலோரம்23: ரோத், ர்த் ஒரு வரி. உஸ்தா தனி. அனுப்பிவிட்டேன், நன்றி.

பனையோலை: உஸ்தாவை ஒருமைப் பத்தியிலிருந்து எடுத்தீர்களா?