"யாரிடமும் சொல்லாதீங்க டீச்சர்": பிள்ளைகள் மனம் திறந்த நேரங்கள், உங்கள் அனுபவம் என்ன?

கோட்டையூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 19 வருடமாக ஆசிரியை. நான் தவறு செய்த கதையையே முதலில் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. அப்பா சிங்கப்பூரில், அம்மா திருப்பூரில், அவள் அப்பத்தாவிடம். காரைக்குடியைச் சுற்றி இப்படி வளரும் பிள்ளைகள் நிறைய. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று தினமும் மூன்றரை மணிக்கு வயிற்று வலி என்றாள். காலையில் வலி என்றால் பள்ளிக்கூடம் வரப் பிடிக்கவில்லை என்று எங்களுக்குப் புரியும். இவளுக்கு வீட்டுக்குப் போகிற நேரத்தில் வலி. அந்த வித்தியாசத்தை நான் கவனிக்கவே இல்லை. ஓமத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். ஒரு நாள் "நடிக்கிறியா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

ஒரு மாலை, மணி அடித்தும் அவள் ஆட்டோவில் ஏறவில்லை. சத்துணவுக் கூடத் திண்ணையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்" என்றாள். உடனே பண்ணிவிட்டேன்.

அந்த ஆட்டோ கடைசியாக இறக்கிவிடும் பிள்ளை அவள். இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

சத்தியத்தை என்னால் காப்பாற்ற முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை உண்டு. ஆனால் அந்த நேரத்தில் சட்டத்தைவிட, அதே ஆட்டோவில் வரும் மற்ற ஆறு பிள்ளைகள்தான் கண்முன் நின்றார்கள். பள்ளியில் ஒருவர், "ஆட்டோவை மாற்றிவிட்டால் போதாதா? பெண் பிள்ளை விஷயம்" என்றார். அப்பத்தாவும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு இவளை யாரு கட்டுவா?" என்று அழுதார். அப்பத்தாவின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்று மாலையே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தேன். காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டிருந்தோம். பெண் உதவி ஆய்வாளர் சேலை கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அப்பத்தா பக்கத்தில் இருக்க, அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். சீருடையில் வரக் கூடாது, பிள்ளையின் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இது தெரியாததால்தான் பல வீடுகள் கதவைச் சாத்திக்கொள்கின்றன.

அதற்குள் பள்ளியில் நான்கு பேர் அவளைத் தனித்தனியாக விசாரித்திருந்தார்கள். அக்கறையில்தான் கேட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பிள்ளை இன்னும் கொஞ்சம் சுருங்கிப்போனாள். தயவுசெய்து துருவித் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள், போதும்.

மூன்று நாள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் பிள்ளைகள் சத்தியம் கேட்டால், "உன்னைக் காப்பாத்த யார்கிட்டயாவது சொல்ல வேண்டி வந்தா சொல்லுவேன். யார்கிட்டன்னு முதல்ல உன்கிட்ட சொல்லுவேன்" என்கிறேன். இப்படிச் சொன்னால் வாயை மூடிக்கொள்வார்களோ என்று பயந்தேன். இதுவரை யாரும் எழுந்து போனதில்லை.

தேவகோட்டையிலிருந்து ஒரு அப்பா:
டீச்சர், நான் மலேசியாவில் இருந்த 8 வருடமும் மகனிடம் போனில் கேட்டது இரண்டே கேள்வி: சாப்பிட்டியா, படிச்சியா. அவனும் "ம்" என்பான். ஆறாம் வகுப்பில் இரவில் படுக்கையை நனைக்க ஆரம்பித்திருக்கிறான். என் மனசு கஷ்டப்படுமே என்று ஆத்தா மறைத்துவிட்டார்கள். பொங்கலுக்கு வந்தபோது பாயை வெயிலில் காயப்போட்டிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். "பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டரா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கேட்கட்டும். வகுப்பில் அவனைப் பட்டப்பெயர் வைத்து ஒதுக்கியது மூன்றாவது தடவை போனபோதுதான் வெளியே வந்தது. வகுப்பாசிரியரிடம் பேசினோம், சரியாக நடந்துகொண்டார். இப்போது நான் கேட்பது, "இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டே?" அதற்கு அவன் பத்து நிமிடம் பதில் சொல்கிறான்.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், காரைக்குடி:
அக்கா, பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் "மாணவர் மனசு" பெட்டி எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்தது. எல்லோர் கண்ணும் படும் இடம். வருடம் முழுக்க ஒரு சீட்டுகூட விழவில்லை. மாடிப்படித் திருப்பத்துக்கு மாற்றினோம். அந்த மாதமே சீட்டுகள் வர ஆரம்பித்தன. கழிப்பறைத் தாழ்ப்பாள் முதல், வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிப்பது வரைக்கும். தாழ்ப்பாளை அந்த வாரமே போட்டோம். சின்னதைச் செய்தால்தான் பெரியதை நம்பி எழுதுகிறார்கள்.

அப்புறம், பிளஸ் டூ முடிவு வரும் வாரம் 104 (மருத்துவ உதவி), 14416 (மனநல ஆலோசனை) இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைகளையும் அந்த வாரம் கவனியுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு அம்மா:
டீச்சர், அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள்?

ஆசிரியை:
கல்லூரியில் படிக்கிறாள் அம்மா. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதினேன். ஊரையும் வகுப்பையும் மாற்றிப் போடுங்க என்றாள். மாற்றியிருக்கிறேன்.