வார்டு மறுவரையறை ஆட்சேபணை: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பஞ்சாயத்து நண்பர்களின் உதவி தேவை (2024-ல் எழுதிய வேண்டுகோள்)

வணக்கம். கேரள உள்ளாட்சி வார்டுகளின் எல்லையை மாற்றியமைக்கும் வரைவு 2024 நவம்பர் 18-ல் வெளியாகிவிட்டது. ஆட்சேபணை தர நாள் குறைவு. மனுவை டீலிமிட்டேஷன் கமிஷன் (வார்டு மறுவரையறை ஆணையம்) செயலருக்கோ மாவட்ட கலெக்டருக்கோ நேரிலோ பதிவுத் தபாலிலோ தர வேண்டும்.

"எங்கள் தெருவைப் பிரிக்காதீர்கள்" என்று மட்டும் எழுதினால் நிற்காது. கணக்கு வேண்டும். அடிப்படை 2011 மக்கள்தொகை. உதாரணத்துக்கு, 24,000 பேர், 18 வார்டு என்றால் சராசரி 1,333. பத்து சதவீதம் கூடக்குறைய, அதாவது 1,200 முதல் 1,466 வரை ஏற்பார்கள். ஒரு தெருவை இங்கே சேர்க்கச் சொன்னால் பக்கத்து வார்டு 1,200-க்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும். மனு அடிபடக்கூடிய இடம் இது. நாலு எல்லையையும் ஆறு, வாய்க்கால், ரோடு என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தால் சொல்லுங்கள். "இன்னார் தோட்டம் வரை" என்பது எல்லையாகாது.

இப்போது வேண்டியது: வார்டுக்கு இரண்டு பேர், வீட்டு நம்பரோடு வீடுகளை எண்ண. வரைபடத்தில் எல்லை வரையத் தெரிந்த ஒருவர். ஆறு தாண்டி வாக்குச்சாவடிக்குப் போக வேண்டிய தெருக்களின் பட்டியல், தூரத்தோடு.

கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, மொழிச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடம் தருகிறது. ஆகவே மனு தமிழிலேயே போகட்டும். ஆனாலும் விசாரணையில் சட்டென்று படிக்க மலையாளப் பிரதி ஒன்று இணைப்பது நல்லது. சுத்தமாக மலையாளம் எழுதுபவர்கள் தயவுசெய்து இன்றே சொல்லுங்கள். நேரில் கொடுப்பவர்கள் ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.