கூம்புக்கு வெளியே இருக்கும் கப்பல்: குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

அத்தை: புயலின் பாதையைக் காட்டும் படம் ஒன்றை மேலே அனுப்பியிருக்கிறேன். அதில் வரைந்திருக்கும் கூம்புக்கு வெளியே, தெற்குப் பக்கமாகத்தான் நம் சின்னவனின் கப்பல் போய்க்கொண்டிருக்கிறது என்று கப்பல்களின் இருப்பிடம் காட்டும் செயலியில் பார்த்தேன். ஆகவே யாரும் கவலைப்பட வேண்டாம்.

பெரியப்பா: பார்த்துச் சொன்னதற்கு நன்றி அம்மா. ஆனால் அந்தக் கூம்பைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் கப்பலில் புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட அதைத் தவறாகப் புரிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். கூம்பு புயலின் அளவைக் காட்டுவதில்லை. புயலின் மையம் எங்கெல்லாம் போகக்கூடும் என்பதை மட்டுமே காட்டுகிறது. மயாமியில் இருக்கும் தேசியச் சூறாவளி மையம், முந்தைய ஐந்து ஆண்டுகளில் தன் கணிப்பு எத்தனை தொலைவு பிசகியது என்று அளந்து, அந்தப் பிசகுகளில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளடங்கும்படி வட்டங்கள் போட்டு, அவற்றை இணைத்துக் கூம்பாக வரைகிறது. அப்படியென்றால் மையமே வெளியே போய்விடும் வாய்ப்பும் கணிசமாக இருக்கிறது. மையம் உள்ளேயே இருந்தாலும் காற்றும் அலையும் அந்தக் கோட்டோடு நின்றுவிடா.

நான்: அப்படியானால் கப்பலில் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள், பெரியப்பா?

பெரியப்பா: மையத்திலிருந்து எவ்வளவு தொலைவு வரை 34 நாட் காற்று (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) வீசுகிறது என்பதைப் புயல் அறிக்கை ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாகச் சொல்லும். அந்த எல்லைக்கு மேல், ஒரு நாள் தள்ளிய கணிப்புக்கு 100 கடல் மைல், இரண்டு நாளுக்கு 200, மூன்று நாளுக்கு 300 என்று கூட்டி, அந்தப் பரப்புக்குள் கப்பல் நுழையாதபடி வழியை அமைக்க வேண்டும். இன்றைய கணிப்புகள் அவ்வளவு பிசகுவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இந்த இடைவெளியைக் குறைக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். 34 நாட் வேகத்துக்கு மேல் காற்று எழுந்துவிட்டால், கப்பலை விரும்பிய திசைக்குத் திருப்பும் வசதி நம் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

அக்கா: எனக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. ஒரு தளத்தில் 75 நாட் என்றும் மற்றொன்றில் 65 நாட் என்றும் இதே புயலுக்குப் போட்டிருக்கிறார்கள். யாரை நம்புவது?

பெரியப்பா: இருவரையும் நம்பலாம். அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடச் சராசரிக் காற்றைச் சொல்கின்றன; டெல்லி மையம் மூன்று நிமிடச் சராசரியையும், டோக்கியோ மையம் பத்து நிமிடச் சராசரியையும் சொல்கின்றன. சராசரி எடுக்கும் நேரம் நீண்டால் எண் குறையும். அதனால் எந்த மையத்தின் அறிக்கை என்று பார்க்காமல் எண்களை ஒப்பிடக் கூடாது.

தம்பி: எல்லாருக்கும் வணக்கம். இப்போதுதான் பணி முடிந்து அறைக்கு வந்தேன், இணைப்பும் கிடைத்தது. பெரியப்பா, புயலின் மையம் எங்களுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 600 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. மேற்கு வடமேற்காக 12 நாட் வேகத்தில் நகர்கிறது. எங்கள் வழி வடக்கு நோக்கி அதன் பாதையைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. இங்கே காற்று மெல்லியதாகவும் வானம் தெளிவாகவும் இருந்தபோதிலும், நண்பகலிலிருந்து வடகிழக்கிலிருந்து நீண்ட அலைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 13 நொடி ஆகிறது.

பெரியப்பா: அதுதான் ஸ்வெல், தம்பி; தொலைவில் வீசும் காற்றில் எழுந்து நெடுந்தூரம் நகர்ந்து வரும் அலை. அந்த நொடிக் கணக்கைத் தவறாமல் குறித்து வை. ஆழ்கடலில் அலைக்கூட்டம் நகரும் வேகத்தை நாட் கணக்கில் அறிய, நொடியை ஒன்றரையால் பெருக்கினால் போதும். உன் 13 நொடி அலைகள் ஏறத்தாழ 20 நாட் வேகத்தில் வருகின்றன என்றால், 600 கடல் மைலை அவை 30 மணி நேரத்தில் கடந்திருக்கும். அதாவது நேற்றுக் காலையில் புயலைச் சுற்றி எழுந்த அலைகளைத்தான் இன்று நீ பார்க்கிறாய். புயல் 12 நாட் வேகத்தில் நகரும்போது அதன் அலைகள் முன்கூட்டியே வந்துவிடுகின்றன. செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் மாலுமிகளுக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை பெரும்பாலும் இதுவாகவே இருந்தது.

அத்தை: அறிக்கையில் அலை உயரம் 4 மீட்டர் என்று இருக்கிறதே அண்ணா, அவ்வளவு பெரிய கப்பலுக்கு அது ஒன்றும் செய்யாது அல்லவா?

பெரியப்பா: அந்த 4 மீட்டர் என்பது மிக உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி மட்டுமே. அவற்றுக்கு நடுவே தனி அலை ஒன்று ஏறக்குறைய இரு மடங்கு, அதாவது 8 மீட்டர் வரை எழலாம். இதைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

தம்பி: காற்றழுத்தத்தைக் காட்டும் பாரோமீட்டரையும் ஒவ்வொரு மணி நேரமும் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் கேப்டன். வெப்பமண்டலக் கடலில் அழுத்தம் நாளுக்கு இரண்டு முறை தானாகவே ஏறி இறங்குவதால், அந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்றும், அதன் பிறகும் அந்தப் பருவத்தின் இயல்பைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்றும், 5 குறைந்தால் தயங்காமல் விலகிப் போக வேண்டும் என்றும் சொன்னார். இப்போதைக்கு எதுவும் குறையவில்லை.

பெரியப்பா: நல்ல கேப்டன். நீ அறிக்கையை வாங்கும்போது காற்றையோ அலையையோ பார்க்கும் முன், அது எந்த நேரத்தில் எடுத்த அளவீட்டின் அடிப்படையில் எழுதப்பட்டது என்று பார். 2015 அக்டோபர் 1 அன்று, வாக்கீன் என்ற சூறாவளிக்குள் சிக்கி எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பல் பஹாமாஸ் அருகே மூழ்கியது. அதிலிருந்த 33 பேரும் இறந்துபோனார்கள். மறு ஆண்டு கடலடியிலிருந்து எடுத்த பதிவுக் கருவியில் கப்பலின் கடைசி 26 மணி நேரப் பேச்சு இருந்தது. கேப்டன் பெரிதும் நம்பியிருந்த வானிலைத் தொகுப்பில் புயலின் இருப்பிடம் பல மணி நேரம் பழையதாக இருந்தது என்றும், அதைவிடப் புதிய அறிக்கைகள் அதே கப்பலுக்கு வேறு வழியாக வந்துகொண்டிருந்தன என்றும் விசாரணையில் தெரியவந்தது. இளநிலை அதிகாரிகள் வழியை மாற்றலாமா என்று கேட்டும் இருக்கிறார்கள். அந்த 33 பேரை நினைக்கும் போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. ஆகையால், உன் கையில் இருக்கும் தாள் பழையது என்று தோன்றினால், மேலதிகாரி உறங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பிச் சொல்.

நான்: தம்பி, உங்களுக்கு எத்தனை வழிகளில் அறிக்கை வருகிறது?

தம்பி: கரைக்கு அருகில் இருந்தால், கப்பல்களுக்கான எச்சரிக்கைகளை வானொலி வழியாக வாங்கும் நேவ்டெக்ஸ் கருவியில் 518 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் அச்சாகி வரும். நடுக்கடலில் செயற்கைக்கோள் வழியாக அந்தந்தக் கடற்பகுதிக்குப் பொறுப்பான நாட்டின் எச்சரிக்கை வருகிறது. உலகக் கடல் முழுவதையும் 21 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நிறுவனம் அனுப்பும் வரைபடம் தனி. பெரியப்பா சொன்னபடி மூன்றிலும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். நிறுவனத்தின் வரைபடம்தான் ஆறு மணி நேரம் பழையது. கேப்டனிடம் அதைக் காட்டிவிட்டு வந்தேன்.

பெரியப்பா: அவர் என்ன முடிவெடுத்தார்?

தம்பி: புயலுக்கு முன்னால் குறுக்கே ஓடிக் கடந்துவிடும் எண்ணமே வேண்டாம் என்றார். வட அரைக்கோளத்தில் புயல் நகரும் திசைக்கு வலப்பக்கம்தான் அபாயமானது என்பதால், இடப்பக்கமாகிய தெற்கிலேயே நின்று வேகத்தைக் குறைத்து, அது எங்களுக்கு முன்னே கடந்துபோகும் வரை காத்திருக்கப் போகிறோம். சென்று சேர ஒன்றரை நாள் தாமதமாகும். அடுத்த அறிக்கை இன்னும் மூன்று மணி நேரத்தில் வரும். புயலின் திசை மாறியிருந்தால் உடனே இங்கே எழுதுகிறேன்.

அத்தை: எழுது கண்ணா. நான் விழித்திருப்பேன்.