காரைக் கீழேயே விட்டுவிட்டு ஊட்டி போய்வர முடியுமா?

விருதுநகர் வாணி:

வணக்கம். மே மாத லீவில் ஊட்டி போகலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. நானும் வீட்டுக்காரரும், இரண்டு பிள்ளைகள், அப்புறம் எங்கள் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறி இறங்கச் சிரமப்படுவார். வீட்டுக்காரர் கார்தான் வசதி, மலைக்கு வண்டி கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் இ-பாஸ் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. போன சீசனில் போய்வந்த உறவுக்காரர்கள் பாதி நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம் என்று சொன்னார்கள், அது ஒன்று. நம் காரும் சேர்ந்துதானே அந்த ஊரை அடைக்கிறது என்ற எண்ணமும் இருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கோர்ட்டே கணக்குச் சொல்லும் அளவுக்குப் போய்விட்ட ஊருக்கு இன்னொரு காரை ஓட்டிக்கொண்டு போவது சரியாகப் படவில்லை.

கேள்வி இதுதான். காரை ஊரிலேயே விட்டுவிட்டு ரயில், பஸ் என்று வயதானவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஊட்டியைப் பார்த்துவிட முடியுமா? "முடியும், முயற்சி செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், எங்கே இறங்கி எதில் ஏறுவது என்று அங்கே இருப்பவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். இ-பாஸால் உண்மையிலேயே கூட்டம் குறைந்திருக்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ள ஆசை.

குன்னூர் ராஜி:

வாணி, முதலில் இப்படி ஒரு கேள்வி கேட்டதற்கே நன்றி. நான் குன்னூரில் இருக்கிறேன், தினமும் ஊட்டிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறேன்.

தாராளமாக முடியும். கோவை வரை ரயிலில் வந்துவிடுங்கள், அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு பாசஞ்சர் ரயிலும் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில்தான் போக வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். அது காலை 7.10க்குக் கிளம்பி மதியம்தான் ஊட்டி சேரும். 46 கிலோமீட்டர் தூரத்துக்கு 208 வளைவு, 16 குகை, 250 பாலம் என்று பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் நெருக்கமான இருக்கையில் ஐந்து மணி நேரம் காலை மடக்கி உட்காருவது உங்கள் அம்மாவுக்கு ஒத்துவராது. மே மாத டிக்கெட்டும் முன்பதிவு திறந்த கையோடு தீர்ந்துவிடும் (60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும்). என் யோசனை, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு அரசு பஸ்ஸில் ஏறி வந்து, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் மலை ரயில் பிடியுங்கள். இந்தப் பகுதியில் ஒரு நாளைக்குச் சில ரயில்கள் ஓடுகின்றன. அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கும் ஆசை தீரும், அம்மாவுக்கும் வலிக்காது. பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான் இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் முழுப் பயணம் தேவை.

இ-பாஸ் விஷயம். 2024 மே 7 முதல் இருக்கிறது, சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிக் கொண்டுவந்தது. முதலில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். அரசு பஸ்ஸுக்கும் ரயிலில் வருகிறவர்களுக்கும் பாஸ் தேவையே இல்லை. இதை வெளியூர்க்காரர்கள் பலரும் கவனிப்பதில்லை, பாஸ் கிடைக்கவில்லை என்று பயணத்தையே ரத்து செய்துவிடுகிறார்கள்.

கூட்டம் குறைந்ததா என்றால், வரம்பு வைத்த நாட்களில் சோதனைச் சாவடியில் நெருக்கடி குறைந்தது, ஊருக்குள் அந்த அளவுக்கு இல்லை. மேலே ஏறிவிட்ட கார் ஒரே நாளில் படகு இல்லம், தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா என்று சேரிங்கிராஸ் சந்திப்பைப் பல தடவை சுற்றுகிறது. எங்கள் டவுன் பஸ்ஸும் அதே வரிசையில்தான் நிற்கிறது. பெண்களுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் இல்லாத விடியல் பயணத்தை மலைப் பகுதிக்கும் கொண்டுவந்த பிறகு பெண்கள் நிறையப் பேர் பஸ்ஸில் போகிறோம், தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணிகள் எல்லாரும். மே மாதம் அந்த பஸ் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. சுற்றுலாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அதுதான் சோறு. வருகிறவர்களும் எங்களோடு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தால் அந்த பஸ்ஸை ஒழுங்காக விடச் சொல்லிக் கேட்க எங்களுக்கும் பலம் கூடும்.

டிஎன் 43 ஓட்டுநர்:

ராஜி அக்கா சொன்னது சரி, ஆனால் எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். ஊட்டியில் டாக்ஸி ஓட்டுகிறேன். கார்களைக் கீழே நிறுத்துங்கள் என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் பர்லியார் வளைவுகளில் இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருகிறார்கள், சக்கரம் புகைந்து ஓரமாக நிற்கிற வண்டிகளை சீசனில் பார்க்காத நாள் இல்லை. மசினகுடிப் பக்கம் இறங்கும் கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்கக் கூடாது என்று தடை போட்டதே தொடர்ந்து உயிர்கள் போனதால்தான்.

ஆனால் காருக்குப் பதில் எல்லாரையும் சுற்றுப் பேருந்தில் ஏற்றிவிடுங்கள் என்று முடித்துவிடாதீர்கள். சீசனில் அரசு போக்குவரத்துக் கழகம் அந்தச் சுற்றுப் பேருந்து விடுகிறது, ஒரு டிக்கெட் எடுத்தால் முக்கியமான இடங்களில் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு, நானே என் பயணிகளிடம் சொல்வேன். அது வருடம் முழுக்க, எல்லா இடத்துக்கும் என்று ஆனால் வங்கியில் கடன் வாங்கி மேக்ஸி கேப் எடுத்தவன் என்ன செய்வான்? 2025 ஏப்ரல் 2 அன்று மாவட்டம் முழுக்கக் கடையடைப்பு நடந்ததே, இ-பாஸை எடுக்கச் சொல்லி. அதில் நின்றவர்கள் காட்டின் மேல் அக்கறை இல்லாதவர்கள் கிடையாது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எண்ணிக்கையை முடிவு செய்கிறார்கள் என்ற வருத்தம்தான் அது. பஸ் போகாத இடங்களுக்கு உள்ளூர் டாக்ஸிகளை ஷேர் முறையில், அரசு நிர்ணயித்த கட்டணத்தில் ஓடவிடலாம். அவலாஞ்சியில் உள்ளே போக வனத்துறை வண்டிதான், முதுமலையில் சஃபாரிக்கும் அப்படித்தான், மக்கள் வரிசையில் நின்று ஏறத்தானே செய்கிறார்கள்? அதே ஒழுங்கை எங்களையும் சேர்த்து ஊருக்குள் கொண்டுவந்தால் நாங்கள் ஏன் எதிர்க்கப் போகிறோம்?

வாணி அக்கா, தொட்டபெட்டாவுக்கு மட்டும் டாக்ஸி எடுங்கள். கோத்தகிரி பஸ்ஸில் போய் ஜங்ஷனில் இறங்கலாம்தான், அங்கிருந்து சிகரம் வரை ஏற்றம், அம்மாவால் நடக்க முடியாது.

கருங்காடு கண்ணன்:

நான் ஜெர்மனியில் கருங்காடு என்கிற மலைப்பகுதிக்குப் பக்கத்தில் வசிக்கிறேன், சொந்த ஊர் ஈரோடு. இங்கே இருக்கும் ஒரு ஏற்பாட்டை நம் ஊருக்கு யாராவது எடுத்துப் போக மாட்டார்களா என்று ரொம்ப நாளாக ஏக்கம், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இந்த மலையில் சுமார் 150 ஊராட்சிகள் சேர்ந்து 2005 முதல் கோனுஸ் என்று ஒரு விருந்தினர் அட்டை கொடுக்கின்றன. விடுதியிலோ பண்ணை வீட்டிலோ அறை எடுத்துப் பதிவு செய்ததும் அட்டை கைக்கு வந்துவிடும். தங்கும் நாள் முழுக்க அந்தப் பகுதியின் பஸ்ஸிலும் சாதாரண ரயிலிலும் தனியாக டிக்கெட் வாங்க வேண்டாம். இலவசம் என்று எழுதியிருப்பார்கள், உண்மையில் தங்குகிறவர் ஒவ்வோர் இரவுக்கும் கட்டும் சுற்றுலா வரியிலிருந்து ஒரு சிறு பங்கு போக்குவரத்து நிறுவனங்களுக்குப் போகிறது. காரில் வந்தவரும் அந்தப் பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும், ஆகவே "ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று, பஸ்ஸிலேயே போகலாமே" என்று தோன்றிவிடுகிறது. டிட்டிசே ஏரிக்கு எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை ரயிலில்தான் அனுப்புவேன். அரை மணிக்கு ஒரு வண்டி, நேரம் பார்த்துக் கிளம்பினால் போதும்.

சுவிட்சர்லாந்தின் செர்மாட் இன்னும் ஒரு படி மேலே. பெட்ரோல், டீசல் கார் ஊருக்குள் வரவே கூடாது. 5 கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு 12 நிமிட ரயிலில் போக வேண்டும், ஊருக்குள் சின்ன மின்சார வண்டிகள்தான். ஐரோப்பாவில் பணம் இருக்கிறது, அங்கே நடக்கும் என்பீர்கள். சபரிமலையைப் பாருங்கள். 2018 வெள்ளத்தில் பம்பையின் வாகன நிறுத்தம் அடித்துப் போன பிறகு நிலக்கல்லில் வண்டிகளை நிறுத்தி, அங்கிருந்து பம்பைக்கு கேரள அரசு பஸ்ஸை செயின் சர்வீஸாக விட்டார்கள். அத்தனை லட்சம் பேர், அதில் நிறையப் பேர் நம் ஊர் ஆட்கள், இருமுடியோடு பஸ் மாறிப் போனார்கள். மேட்டுப்பாளையத்தில் ஒரு பெரிய நிறுத்தமும் இடைவிடாத பஸ்ஸும் இருந்தால் நம் மக்கள் மாற மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

இப்போது நீலகிரிச் சோதனைச் சாவடிகளில் வண்டிக்குப் பசுமை வரி வாங்குகிறார்கள். அதைக் கட்டுகிறவர் கையில் பதிலுக்கு எதுவும் வருவதில்லை. அறை வாடகையோடு ஒரு சிறு தொகை சேர்த்து வாங்கி, அதற்கு ஈடாகத் தங்கும் நாட்களுக்கான பஸ் பாஸைக் கொடுங்கள். எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

கோவை பஸ் பிரியன்:

கண்ணன் அண்ணா சொன்ன அட்டையோடு நான் ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்மார்ட் போக்குவரத்து என்றதும் எல்லாரும் சிக்னலில் கேமரா, பெரிய திரை என்று நினைக்கிறார்கள். நீலகிரியில் அதற்கான மூலப்பொருள் ஏற்கெனவே கையில் இருக்கிறது, இ-பாஸ்தான் அது. விண்ணப்பிக்கும்போது என்ன கேட்கிறார்கள்? வண்டி வகை, எத்தனை பேர், எந்த நாள் வருகிறார்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறார்கள். எந்த ஊரிலும் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு இப்படி ஒரு தகவல் முன்கூட்டியே கிடைக்காது! சனிக்கிழமை இத்தனை குடும்பங்கள் வருகின்றன, இத்தனை பேர் குன்னூரில், இத்தனை பேர் கோத்தகிரியில் தங்குகிறார்கள் என்று முந்தின நாள் சாயங்காலமே தெரியும்போது, எந்த வழியில் எத்தனை பஸ் கூடுதலாக விட வேண்டும் என்று போட முடியாதா? இப்போதைக்கு அந்தத் தகவல் சாவடியில் வண்டியை விடலாமா கூடாதா என்று பார்க்கத்தான் பயன்படுகிறது.

அப்புறம், வரம்பு முடிந்துவிட்டால் இணையதளம் "இல்லை" என்பதோடு நிற்கக் கூடாது. "அன்றைக்குக் காருக்கு இடமில்லை, மேட்டுப்பாளையத்திலிருந்து இந்த நேரத்து பஸ்ஸில் ஐந்து இருக்கை இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று அதே பக்கத்தில் கேட்க வேண்டும். சென்னையில் 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்க முடிகிறது, பஸ் எங்கே வருகிறது என்றும் பார்க்கலாம். மலை ரயில், அரசு பஸ், ஓட்டுநர் தம்பி கேட்ட ஷேர் டாக்ஸி மூன்றையும் அப்படி ஒரே டிக்கெட்டில் கட்டினால் அவர் வருமானமும் போகாது. ராஜி அக்காவின் டவுன் பஸ் எங்கே நிற்கிறது என்று அவருக்கும் தெரியும். இது ரொம்ப அவசியம். சுற்றுலாப் பயணிக்கு ஒரு செயலி, உள்ளூர்க்காரருக்கு வேறு என்று பிரித்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் நிற்கும்.

நீதிமன்றம் மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் வேலையைச் சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் கொடுத்தது நல்ல முடிவு. வண்டியைக் கணக்கிடுவதோடு, எத்தனை மனிதர்களை எத்தனை பஸ்ஸில் ஏற்றலாம் என்ற கணக்கும் அதில் வர வேண்டும் என்பது என் ஆசை. ஐந்து பேர் வரும் காரையும் ஐம்பது பேர் வரும் பஸ்ஸையும் வைத்துப் பார்த்தால் சாலையில் யார் எவ்வளவு இடம் எடுக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

விருதுநகர் வாணி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டுக்காரரிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பாஸ் வேண்டாம் என்பது அவருக்கும் புதுச் செய்தி. ஒத்துக்கொண்டார். வார இறுதியைத் தவிர்த்து செவ்வாய்க்கிழமை ஏறுவதாக முடிவு. ராஜி அக்கா, இன்னும் ஒன்று. தங்க எந்தப் பக்கம் அறை எடுத்தால் அம்மா அதிகம் நடக்க வேண்டியிருக்காது? பார்த்த விடுதிகள் எல்லாம் "மலைக்காட்சி" என்று போட்டு ஊருக்கு வெளியே இருக்கின்றன.

குன்னூர் ராஜி:

காட்சிக்காக வெளியே எடுக்காதீர்கள் வாணி, ஒவ்வொரு தடவையும் வண்டி தேட வேண்டி வரும். ஊட்டி பஸ் நிலையமும் ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில், படகு இல்லமும் அங்கிருந்து கிட்டத்தில்தான். அந்த வட்டாரத்தில் தரைத்தளத்தில் அறை கேட்டு எடுங்கள். சுற்றுப் பேருந்து அன்றைக்கு ஓடுகிறதா என்று பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளரிடம் காலையிலேயே கேட்டுவிடுங்கள். தாவரவியல் பூங்காவில் கீழ்ப்பகுதி சமதளமாக இருக்கும், அம்மா அங்கே உட்கார்ந்துகொள்ளட்டும், பிள்ளைகளை மட்டும் மேலே கூட்டிப்போங்கள். தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே தடை, நிரப்பிக்கொள்ளத் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள். குன்னூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மலை ரயிலுக்கு முன்பதிவு கிடைக்கவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், அடுத்த ஊட்டி பஸ்ஸில் ஏறிவிடுங்கள், திரும்பும்போது ரயில் பார்த்துக்கொள்ளலாம்.